நாலடித் தொட்டிக்கு ஆகாத மீன்

காலை நாஸ்தாவுக்கு முன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது. ஜெரோம் சத்தம் போட்டுப் பேசக் கூடாது. அவனிடம் யாரும் சத்தம் போடவும் கூடாது. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் மீன் தொட்டியைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் சண்டை போட்டார்கள்.

“பவுடர் ப்ளூ வோணாம்னா வோணாம்,” என்றாள் ஜெசிந்தா.

“ரிசார்ட்டுல யாரு பாத்துகினது? நான்தானே? எனக்குத் தெரியாதா?”

“அது பத்தடித் தொட்டிப்பா. இது நாலடி. அந்த மீனு நாள் பூரா ஓடிகினே இருக்கணும். இங்க இந்த முனையிலேந்து அந்த முனைக்குப் போறதுக்குள்ள கண்ணாடி இடிக்கும். பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிடும். கூட கீற மீனையெல்லாம் கொல்லும்.”

“சரி, ஹிப்போ டேங் மீனு?”

“அது வளந்தா சோத்துத் தட்டு அளவு. செயில்ஃபின் அதவிடப் பெருசு. நாலடிக்கு டோமினிதான். ஒரு சாண் தாண்டாது. சாதுவான மீனு. ஹேமந்த்கிட்ட ஒண்ணு கீது, கையில வெச்சுக் குடுத்தாகூடத் தின்னுதாம்.”

ஜெரோம் உதட்டைப் பிதுக்கினான். “பழுப்பு மீனு. பாக்கறதுக்கு இன்னா கீது அதுல?”

“துடுப்போரத்துல ஆரஞ்சுக் கோடு கீது. வெள்ள வாலு கீது. போதும்.”

மாமல்லபுரம் போகிற வழியில், கடற்கரை ரிசார்ட் ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் ஜெரோம். போன மழைக்காலத்தில் ஏணியின் மேல் நின்றபடியே மயங்கிச் சரிந்தான். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் நெஞ்சின் வால்வைத் தின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க, ஆயுசு முழுக்கத் தினமும் ஒரு மாத்திரை.

அந்த மாத்திரைதான் ஜெசிந்தாவின் பயம். அதைப் போடுகிறவருக்குச் சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். படூர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடி வீட்டிலிருந்து கூரான பொருள்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஷேவிங் பிளேடு போனது. அரிவாள்மணை போனது. மகள் ரூத்தின் காம்பஸ் பள்ளிக்கூடப் பையை விட்டு வெளியே வரக் கூடாது என்று சட்டம் வந்தது.

வீட்டிலேயே கிடந்தவனுக்கு அந்த மீன் தொட்டி ஒன்றுதான் பிடிப்பு. ஜெசிந்தாவின் தம்பி ஹேமந்த், ஊரப்பாக்கத்தில் உப்புத்தண்ணீர் மீன் விற்கிறவன், அவன்தான் கொண்டுவந்து வைத்தான். மாமல்லபுரத்துக் கடல் தண்ணீரைக் கேனில் மொண்டு வந்து நிரப்பினான். இரண்டு கோமாளி மீன்களை விட்டான். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, கண்ணாடியில் பழுப்புப் பாசி படர ஆரம்பிக்கும் வரை.

ஜெரோம் தினமும் முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டுப் பாசி தேய்த்தான். உள்ளே பாறைகள். ஒவ்வொன்றின் விளிம்பும் கூர். அவன் கை தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் ஜெசிந்தாவுக்கு மூச்சு சீராக வரவில்லை.

டேங் மீன் பாசி மேயும் என்று அவள் அப்போதுதான் படித்தாள். ஒரு டேங் வந்துவிட்டால் இவன் கை உள்ளே போக வேண்டியதில்லை. ஆனால் அந்த வம்சத்து மீன் எதுவானாலும், வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கத்தி உண்டு. சர்ஜன் மீன் என்றே அதற்கு இன்னொரு பெயர். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் போனில் தேடித்தேடிப் படித்து, சிறியது எது, சண்டை போடாதது எது என்று பொறுக்கி எடுத்ததுதான் டோமினி.

“இன்னிக்கு மத்தியானம் ஹேமந்த் வருவான். டோமினிய அவனே உள்ள வுடுவான். நீ தொடவே கூடாது. சரியா?”

“சரி, டோமினியே வரட்டும்,” என்றான் ஜெரோம்.

இவ்வளவு சுலபமாக அவன் இறங்கி வந்தது அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும். நாவலூர் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவன் நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடினாள்.

மத்தியானம் அவள் வரவேற்பு மேசையில் யாருக்கோ வருகையாளர் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தபோது ரூத்தின் அழைப்பு வந்தது. சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. கேரட் எங்கே, சார்ஜர் எங்கே என்று ஏதாவது கேட்பாள் என்றுதான் எடுத்தாள்.

“அம்மா.” அதற்கப்புறம் மூச்சு மட்டும் வந்தது.

“இன்னா ரூத்து?”

“அப்பா கையில ரத்தம்மா. ஊத்திகினே கீதும்மா.”

ஜெசிந்தாவின் கையிலிருந்த அட்டை கீழே விழுந்தது. எழுந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

“எந்தக் கை? அப்பா முழிச்சிகினு கீறாரா?”

“சோத்துக் கை. முழிச்சிகினுதான் கீறாரு. மீனு கிழிச்சிடுச்சும்மா.”

“நல்லாக் கேளு. டவல எடு. வெட்டு மேல வெச்சு அழுத்து. எடுத்து எடுத்துப் பாக்காத. அப்பாவத் தரையில உக்கார வெச்சு கைய நெஞ்சுக்கு மேல தூக்கிப் புடி. போன ஸ்பீக்கர்ல போட்டு கீழ வெச்சிட்டு எதிர் வூட்டு சியாமளா ஆன்ட்டி கதவத் தட்டு.”

ரூத்துக்குப் பதினோரு வயது. அவள் ஓடுகிற சத்தம் கேட்டது. கதவு. “ஆன்ட்டி! ஆன்ட்டி!” என்ற கூச்சல். போனுக்குப் பக்கத்தில் ஜெரோமின் குரல், மிக நிதானமாக: “ஒண்ணும் இல்ல ஜெசி. பயப்படாத. சின்ன வெட்டுதான்.”

அவன் நிதானம்தான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அப்புறம் போன் துண்டித்துக்கொண்டது.

அவள் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் “கேளம்பாக்கம் ஆஸ்பத்திரி, சீக்கிரம் அண்ணாத்த” என்றாள். எது நடந்தாலும் அங்கேதான் கொண்டுபோக வேண்டும் என்று சியாமளாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். சீக்கிரம் போக முடியவில்லை. மெட்ரோ வேலைக்காக ஓ.எம்.ஆர் சாலையைப் பாதியாகச் சுருக்கித் தகரம் அடைத்திருந்தார்கள். ஒரு டிப்பர் லாரிக்குப் பின்னால் ஆட்டோ ஊர்ந்தது. ஜெசிந்தா மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டே இருந்தாள்.

டவல் முழுக்க நனைந்திருக்கும். அடுத்த டவல் பீரோவில் மேல் தட்டில், ரூத்துக்கு எட்டாது. லிஃப்ட் வேலை செய்கிறதா? நேற்று நின்றுபோயிருந்ததே. மூன்று மாடி. அவன் படியிறங்கினால் ரத்தம் இன்னும் வேகமாக வருமே. குழந்தையின் எதிரிலேயே... அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வூட்ல யாருக்காச்சும் சீரியஸாம்மா?” என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார் ஆட்டோக்காரர்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் மேற்கொண்டு கேட்காமல் ஆட்டோவைத் தகரத் தடுப்புக்கு உள்புறம், லாரிகள் போகிற மண் பாதையில் இறக்கினார்.

அவசரப் பிரிவின் வாசலில் சியாமளா நின்றிருந்தாள். நைட்டிமேல் துப்பட்டா. துப்பட்டாவில் ரத்தம்.

“ஏம்மா, ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல!” சியாமளா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். “நின்னுடுச்சு. ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ளயே நின்னுடுச்சு. ஒரு டவல்தான் நனைஞ்சுது. ரூத்து எங்க வூட்லதான் கீறா, எங்க வூட்டுக்காரரு பாத்துக்கறாரு.”

ஜெசிந்தா அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். நிற்காது என்று எத்தனை மாதமாகப் பயந்திருந்தாள்! நின்றுவிட்டது. கர்த்தர் கைவிடவில்லை. ஒரு டவல் நனைந்ததோடு போய்விட்டது.

உள்ளே ஜெரோமின் வலது உள்ளங்கையில் தையல் போட்டு முடித்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் திருட்டுத்தனமாகச் சிரித்தான்.

“டோமினியா இப்படிக் கிழிச்சுது?”

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். “பவுடர் ப்ளூ.”

அவள் ஆபீஸ் கிளம்பியதும் ஹேமந்துக்குப் போன் போட்டு மீனை மாற்றச் சொல்லியிருக்கிறான். ஹேமந்த் அவசரத்தில் மீனை விட்டுவிட்டு அடுத்த டெலிவரிக்குப் போய்விட்டான். நீல உடம்பும் கறுத்த முகமும் மஞ்சள் முதுகுமாக அந்த மீன் ஒரு நிமிஷம் அழகாக நீந்தியது. அப்புறம் கண்ணாடியை இடித்தது. திரும்பியது. இடித்தது. பிறகு கோமாளி மீன்களை மூலைக்கு விரட்டி வாலால் அடிக்க ஆரம்பித்தது. ஒன்று செத்து மிதந்தது. ஜெரோம் வலை போட்டுப் பிடித்தான். வால் கத்தி வலையில் சிக்கிக்கொண்டது. துடித்த மீனை விடுவிக்கக் கையால் பிடித்தான்.

“நீ சொன்ன மாதிரியேதான் ஆச்சு ஜெசி.”

“இப்ப ஒண்ணும் பேசாத,” என்றாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. நின்றுவிட்டது என்ற ஒரு வார்த்தையை மட்டும் மனசுக்குள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் துர்காதேவி வந்தார். கையைப் பார்க்கவில்லை. நேராக ஸ்டெத்தை ஜெரோமின் நெஞ்சில் வைத்தார். வெகு நேரம் கேட்டார். இடம் மாற்றிக் கேட்டார்.

“மாத்திரை யார் கொடுக்கறது?”

“நான்தான் டாக்டர். தினமும் ராத்திரி என் கையாலதான்.”

“ரத்தப் பரிசோதனை வந்திருக்கு. அந்த மாத்திரையே போடாத ஆளுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருக்கு. வெட்டு இவ்வளவு ஆழம். இவருக்கு இது இவ்வளவு சீக்கிரம் நின்னிருக்கவே கூடாதும்மா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

ஜெசிந்தாவுக்கு உடனே புரியவில்லை. நின்றது நல்லதுதானே?

“இவர் வால்வு மூடும்போது சத்தம் வரும். கடிகாரம் மாதிரி. பக்கத்துல படுத்தா கேக்கும். வீட்ல கேட்டிருக்கீங்களா?”

“கேக்கும் டாக்டர். ஆரம்பத்துல தூக்கமே வராது.”

“கடைசியா எப்பக் கேட்டீங்க?”

ஜெசிந்தா நினைத்துப் பார்த்தாள். தொட்டியின் பம்ப் சத்தம் ராத்திரி முழுக்க ஓடுகிறது, அதனால்தான் கேட்கவில்லை என்று நினைத்திருந்தாள். பழகிவிட்டது என்று நினைத்திருந்தாள். நேற்று? போன வாரம்? அவன் நெஞ்சில் தலை வைத்துப் படுத்தாளே, அப்போது?

“ஜெரோம்,” என்றாள். “மாத்திரைய இன்னா பண்ண?”

அவன் விட்டத்தைப் பார்த்தான்.

“சொல்லுப்பா.”

“நாக்குக்கு அடியில வெச்சிக்குவேன். அப்பறம் வாஷ்பேசின்ல...”

“எத்தினி நாளா?”

“ஒரு மாசம் இருக்கும்.”

“ஏன்?”

அவன் அழுதான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

“பயமா இருந்துச்சு ஜெசி. நீ கத்தியெல்லாம் ஒளிச்சு வெக்கிற. கொழந்த என்னத் தொடறதுக்கே பயப்படுறா. ஒரு கீறல் பட்டா செத்துடுவேன்னு எல்லாரும் பாக்கறீங்க. தொட்டியில கைய வுடும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கும். மாத்திரைய நிறுத்தினா, கிழிச்சாலும் நின்னுடும்ல? அதான். நடுக்கமில்லாம ஒரு வேல செய்யணும்னு இருந்துச்சு.”

ஜெசிந்தா அவன் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவள் ஒளித்த ஒவ்வொரு கத்தியும் இவனை இந்தக் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது.

நெஞ்சை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வால்வின் இரண்டு கதவுகளில் ஒன்று சரியாகத் திறக்கவில்லை. அதன்மேல் ரத்தம் கட்டியிருந்தது.

டாக்டர் துர்காதேவி அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

“ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மறுபடி நெஞ்சைத் திறக்கறது. இவர் உடம்பு இப்ப அதைத் தாங்குமாங்கறது சந்தேகம். இன்னொண்ணு, கட்டியைக் கரைக்கிற மருந்தை மெதுவா ஏத்தறது. அதுலயும் ஆபத்து உண்டு. கரையும்போது ஒரு துணுக்கு பிரிஞ்சு மூளைக்குப் போகலாம். கையில புதுத் தையல் வேற. அங்கேருந்து ரத்தம் வரலாம். கைன்னா அழுத்திக் கட்டிடலாம். மூளைக்குள்ள எதையும் கட்ட முடியாது.”

“நீங்களே சொல்லுங்க டாக்டர். உங்க வூட்டு ஆளா இருந்தா?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “மருந்து.”

ஜெசிந்தா கண்ணை மூடித் திறந்தாள். “குடுங்க,” என்றாள்.

மருந்து சொட்ட ஆரம்பித்தது. ஒரு நர்ஸ் கட்டில் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சற்றைக்கொரு தரம் ஜெரோமை எழுப்பி அதே கேள்விகளைக் கேட்டாள். பேர் சொல்லுங்க. சிரிச்சுக் காட்டுங்க. ரெண்டு கையையும் தூக்குங்க. அவன் சொன்னான், சிரித்தான், தூக்கினான். “பள்ளிக்கூடத்துல ட்ரில்லு மாதிரி கீது,” என்றுகூடச் சொன்னான்.

கையின் வெள்ளைக் கட்டுமேல் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. ஜெசிந்தா அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புள்ளி ஒரு பொட்டு அளவானது. நர்ஸ் இன்னொரு சுற்றுத் துணி இறுக்கிச் சுற்றினாள்.

ரூத் போன் செய்தாள்.

“அம்மா, வலைய நான்தாம்மா எடுத்துக் குடுத்தேன்.” தேம்பினாள். “அப்பா கேட்டாருன்னு குடுத்தேன். என்னாலதானா?”

“உன்னால இல்லடி தங்கம். நீ டவல் வெச்சு அழுத்துனதாலதான் அப்பா இப்ப எங்கூடப் பேசிகினு கீறாரு. சாப்டியா?”

“ம். வூட்டுக்கு எப்ப வருவாரு?”

“வருவாரு,” என்றாள் ஜெசிந்தா.

வெயில் சாய்கிற நேரத்தில் ஹேமந்த் வந்தான். சட்டை முழுக்கக் கடல் தண்ணீர் வாடை. வராந்தா முனையிலேயே நின்றுவிட்டான். ஜெசிந்தா எழுந்து அவனிடம் போனாள்.

“வூட்டுக்குப் போனேன்க்கா. அந்த மீன டப்பா வெச்சுப் புடிச்சி எடுத்துட்டேன். எட்டடித் தொட்டி வெச்சிகினு கீற ஒரு கஸ்டமர்கிட்ட குடுத்தாச்சு. இனிமே அது வராது.”

“நான் உன்னாண்ட சொன்னது டோமினி.”

“மாமா கெஞ்சுனாருக்கா.”

“அவருக்கு மாத்திரை இருக்கு, ஒரு கீறல்கூடப் படக் கூடாதுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்த மீனக் கொண்டாந்து வுட்டுட்டு எப்பட்றா உன்னால போக முடிஞ்சுது?”

ஹேமந்த் சுவரைப் பார்த்தான். காது சிவந்தது. சின்ன வயதில் பொய் சொல்லும்போதும் அவனுக்குக் காதுதான் முதலில் சிவக்கும்.

“டேய். அவரு மாத்திரை போடாதது உனக்குத் தெரியுமா?”

“டாக்டரே மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாருன்னு மாமா சொன்னாருக்கா. உன்னாண்ட சொல்ல வோணாம், நீ சும்மா பயப்படுவேன்னாரு.”

“எந்த டாக்டர்டா சொல்லுவாரு அப்படி? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?”

“கேக்கணும்னுதான்...” அவன் குரல் இறங்கியது. “தொட்டி வெச்சதுலேந்து அவரு மொகமே மாறிடுச்சுக்கா. திரும்பப் பழைய மாமா மாதிரி சிரிச்சாரு. கேட்டா அது போயிடுமோன்னு வுட்டுட்டேன்.”

ஜெசிந்தாவின் கை அவனை அறைய உயர்ந்தது. பாதியில் நின்றது. அந்தச் சிரிப்பை அவளும்தான் பார்த்தாள். அவளும்தான் எதுவும் கேட்கவில்லை.

“அம்மா! ஜெரோம் கூட இருக்கறவங்க யாரு?” உள்ளேயிருந்து குரல் வந்தது. நர்ஸ் எழுந்து நின்றிருந்தாள். அவள் விரல் சுவரிலிருந்த மணியை அழுத்தியபடியே இருந்தது.

ஜெசிந்தா ஓடினாள்.

ஜெரோம் முழித்துக்கொண்டுதான் இருந்தான். முகத்தில் வலி இல்லை. கையிலிருந்த சிவப்புப் பொட்டும் பெரிதாகவில்லை. அவளுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது.

“பேர் சொல்லுங்க சார்,” என்றாள் நர்ஸ், குரலை அடக்கிக்கொண்டு.

“ஜெரோம்.”

“ரெண்டு கையையும் தூக்குங்க. நல்லா மேல தூக்குங்க.”

கட்டுப்போட்ட வலது கை மெல்ல மேலே எழுந்தது. இடது கை மெத்தையிலேயே கிடந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை.

“ஜெரோம், இன்னொரு கையும் தூக்குப்பா,” என்றாள் ஜெசிந்தா. அவன் இடது கையைத் தொட்டாள். “இந்தக் கை. இத தூக்கு.”

அவன் அவளைக் குழப்பத்தோடு பார்த்தான்.

“தூக்கினுதானே கீறேன் ஜெசி?” என்றான்.